பதினாறாம் இடத்துப் பெண்கள்

கூடைப்பந்துக்கும் அடுப்பங்கரைக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் வீட்டில் நிறையவே உண்டு. என் மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கல்லூரி அணியில் ஆடுகிறாள். அவள் ஐந்தரை மணிப் பயிற்சிக்குப் போக வேண்டுமானால் நான் நாலு மணிக்கு எழுந்து அடுப்பைப் பற்ற வைத்தாக வேண்டும்! நான் படித்த பள்ளியில் பெண்களுக்கு ரிங் டென்னிஸோடு சரி. ஆகவே இந்த ஆட்டத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் மகளிடமும், அமெரிக்காவில் பாஸ்டன் பக்கம் குடியிருக்கும் என் ஓர்ப்படியிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டவைதான். 1998-ல் ஹார்வர்டு பெண்கள் வெளியூர் போய் ஜெயித்து வந்த கதையை எனக்குச் சொன்னதும் ஓர்ப்படிதான்.

அந்த நாட்டில் மார்ச் மாதம் வந்தால் கல்லூரிக் கூடைப்பந்துத் திருவிழா. நாடு முழுவதும் உள்ள நூற்றுக்கணக்கான கல்லூரி அணிகளில் சிலதான் இறுதிப் போட்டிக்குத் தேறும். 1998-ல் பெண்கள் பிரிவில் 64 அணிகள், இப்போது 68. தங்கள் வட்டாரப் போட்டியில் முதலாவதாக வந்தவர்களுக்கு நேரே இடம். மற்றவர்களை ஒரு குழு உட்கார்ந்து பொறுக்கி எடுக்கும். எடுத்தவர்களை நாலு பிரிவாக்கி, ஒவ்வொன்றிலும் 1 முதல் 16 வரை எண் கொடுப்பார்கள். முதல் ஆட்டமே ஒன்றாம் எண்ணுக்கும் பதினாறாம் எண்ணுக்கும்! பெண்கள் போட்டியில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. முதல் இரண்டு சுற்றுகளும் மேலெண்காரர்களின் சொந்த அரங்கத்திலேயே நடக்கும். பதினாறாம் எண்காரர்கள் ஊர்விட்டு ஊர் போய், எதிராளி வீட்டுக் கூடத்திலேயே ஆடவேண்டும். இது என்ன நியாயமோ, எனக்குப் புரியவில்லை.

அந்த வருஷம் பதினாறாம் எண் ஹார்வர்டுக்கு. படிப்புக்குப் பேர்போன இடம். விளையாட்டுக்கென்று உதவித்தொகை கொடுக்கிற வழக்கமே அங்கே கிடையாது. எதிரே ஒன்றாம் எண், கலிபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு. 1990-லும் 1992-லும் நாட்டு சாம்பியன்கள். சொந்த அரங்கத்தில் தொடர்ந்து 59 ஆட்டம் தோற்காதவர்கள். அதுவரை ஆண்களிலும் சரி, பெண்களிலும் சரி, பதினாறாம் எண் ஒன்றாம் எண்ணை ஜெயித்த சரித்திரமே இல்லை. நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து போய் இறங்கினார்கள் ஹார்வர்டு பெண்கள். அங்கே கடிகாரம் வேறு மூன்று மணி நேரம் பின்னால் ஓடும். தூக்கமும் சாப்பாடும் முன்னே பின்னே ஆனால் நமக்கே தலை சுற்றுகிறது. ஓடி ஆடுகிறவர்களுக்குக் கேட்கவா வேண்டும்?

மார்ச் 14, சனிக்கிழமை. ஹார்வர்டில் அலிசன் ஃபீஸ்டர் என்று ஒரு பெண். தெற்கே சவுத் கரோலைனா மாநிலத்தில் செஸ்டர் என்ற சின்ன ஊர்க்காரி. அவள் ஒருத்தியே 35 புள்ளி எடுத்தாள். கூடையில் பட்டுத் திரும்பிய பந்தை 13 தடவை பிடித்தாள். பின்பாதியில் ஸ்டான்ஃபோர்டு எட்டிப் பிடித்து முந்தியும் விட்டது. இனி அவ்வளவுதான் என்று நினைக்கிற நேரத்தில் மறுபடி சமன் செய்தார்கள். கடைசி நிமிஷத்தில் சூசி மில்லர் தூரத்திலிருந்து ஒரு மூன்று புள்ளிக் கூடை போட்டாள். 71-க்கு 67. ஹார்வர்டு ஜெயித்துவிட்டது!

இதிலே ஒன்றை மறைக்கக் கூடாது. ஸ்டான்ஃபோர்டின் இரண்டு முக்கியமான ஆட்டக்காரிகள், வெனெஸ்ஸா நைகார்டும் கிறிஸ்டின் ஃபோக்லும், போட்டி தொடங்குவதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் முழங்கால் நார் அறுந்து உட்கார்ந்துவிட்டார்கள். அதனால்தான் ஹார்வர்டு ஜெயித்தது என்று சொல்கிறவர்கள் உண்டு. இருக்கட்டுமே! மிச்சமிருந்தவர்களும் சாமானியர்கள் இல்லை. அரங்கம் நிறைய அவர்கள் பக்கத்து ஜனம். வாய்ப்பு வந்தது வாஸ்தவம். பிடித்துக்கொள்ளத் தெரிய வேண்டாமா?

எனக்கென்னவோ ஜெயித்தவர்களைவிட அந்த இரண்டு முழங்கால்கள்தான் மனசில் நின்றன. சென்ற வருஷம் என் மகள் குதித்து இறங்கும்போது முட்டி பிசகி வீங்கிப் போய் வந்தாள். நார் அறுபடவில்லை, பிசகல்தான் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. என் மாமியார் மட்டும் விடவில்லை. "பொட்டப்புள்ளைக்கு முட்டி போச்சுன்னா நாளைக்கு யாரு பொறுப்பு? போதும் இந்த ஆட்டம்!" என்றார்கள். இவரும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "அம்மா சொல்றதும் சரிதானே?" என்றார்.

உடற்பயிற்சி சிகிச்சை செய்யும் அம்மாள் ஒருவரிடம் கூட்டிப் போனேன். தொடை எலும்பையும் கால் எலும்பையும் முட்டிக்குள் கட்டி வைத்திருக்கும் நார் அது, ஏ.சி.எல். என்கிறார்கள். முக்கால்வாசி நேரம் யாரும் இடிக்காமலே, குதித்து இறங்கும்போதோ சட்டென்று திரும்பும்போதோதான் அறுகிறதாம். ஆண்பிள்ளைகளைவிடப் பெண்களுக்கு இது இரண்டு மடங்குக்கு மேல் அதிகம். அறுந்தால் ஆபரேஷன், பிறகு ஒன்பது மாதமாவது ஆட முடியாது. ஆனால் தடுக்க வழி இருக்கிறது. இறங்கும்போது முட்டியை மடக்கி, சத்தமில்லாமல், இரண்டு முட்டியும் உள்பக்கம் சாயாமல் இறங்கப் பழக வேண்டும். ஒற்றைக்காலில் நிற்பது, பின்தொடைக்குப் பலம் கொடுக்கும் பயிற்சி, ஆட்டத்துக்கு முன் உடம்பைச் சூடாக்கிக்கொள்வது... தினமும் பதினைந்து இருபது நிமிஷம். எங்கள் மொட்டை மாடியில் படியிலிருந்து குதித்துக் குதித்து இறங்குகிறாள். "சத்தம் கேக்குது!" என்று கீழேயிருந்து குரல் கொடுப்பது என் மாமியார்தான்.

இப்போது அவர்கள் அணிக்கு வெளியூர்ப் போட்டி வந்திருக்கிறது. முதல் ஆட்டமே போட்டி நடத்துகிற கல்லூரியோடு, அவர்கள் மைதானத்தில். "போனமாதிரியே திரும்பி வரவேண்டியதுதாம்மா" என்றாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு. அப்போதுதான் ஹார்வர்டு கதையைச் சொன்னேன். நீயும் ஜெயிப்பாய் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது எனக்குப் பிடிக்காது. வெளியூர் வெற்றிக்கு மதிப்பு அதிகம் என்று மட்டும் சொன்னேன். அமெரிக்காவில் அதைக் கணக்கிலேயே எழுதிவிட்டார்கள். இப்போது ஆண்கள் பிரிவில், முதல் 30 இடத்துக்குள் இருக்கும் அணியைச் சொந்த ஊரில் ஜெயித்தால் உயர்ந்த வகை வெற்றி. வெளியூரில் என்றால் 75-ம் இடத்து அணியை ஜெயித்தாலே அதே வகை! நேரடி இடம் கிடைக்காத அணிகளுக்கு இந்த வெற்றிகள்தான் பிடிமானம். "அப்ப தோத்தா?" என்றாள். தோற்றால் பஸ் ஏறி வீட்டுக்கு வா, சாம்பார் சாதம் இருக்கும் என்றேன். இவர் தாம் கூடப் போவதாகச் சொல்லி டிக்கெட் எடுத்துவிட்டார்!

ஹார்வர்டின் கோச் கேத்தி டெலேனி-ஸ்மித் பற்றியும் சொல்ல வேண்டும். 1982-ல் வந்தவர், 2022-ல்தான் ஓய்வு பெற்றார். களைப்பானாலும் களைப்பே இல்லாதவள் மாதிரி, பயந்தாலும் தைரியசாலி மாதிரி நடந்துகொள் என்பது அவர் பெண்களுக்குச் சொல்லும் பாடம். அந்த வெற்றிக்கு அடுத்த வருஷக் கடைசியில் அவருக்கே மார்பகப் புற்றுநோய் கண்டது. சிகிச்சையும் எடுத்துக்கொண்டு, பயிற்சியும் கொடுத்தார்.

அந்தப் பெண்களின் அடுத்த ஆட்டம் இரண்டே நாளில், அதே அரங்கத்தில், ஆர்கன்ஸாவோடு. 82-க்கு 64 என்று தோற்றுப் போனார்கள். ஆண்கள் பிரிவில் இப்படி ஒரு பதினாறாம் எண் ஜெயிக்க 2018 வரை ஆயிற்று. பெண்கள் பிரிவிலோ, ஹார்வர்டுக்குப் பிறகு 25 வருஷத்துக்கு மேலாகியும் வேறு எந்தப் பதினாறாம் எண்ணும் ஜெயிக்கவில்லை.