மஞ்சள் விளக்கு



என் 18 வயதுக் காரில் ஒரு மாதமாக ஏபிஎஸ் விளக்கு மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. பிரேக் பிடித்தது. "யூனிட்டே போச்சு, மாத்தணும்" என்றார் ஒருவர். "பல்பைக் கழட்டிடலாம் சார்" என்றார் இன்னொருவர். செலவுக்குப் பயந்து நானும் தலையாட்டிவிட்டேன்.

போன சனிக்கிழமை வீட்டம்மாவோடு பெருமாள்மலையிலிருந்து இறங்கும்போது நல்ல மழை. வளைவில் ஓர் ஆடு குறுக்கே வந்தது. பிரேக்கை அழுத்தினேன். சக்கரம் லாக் ஆகி வண்டி வழுக்கியது. ஸ்டீயரிங்கைத் திருப்பியும் திரும்பவில்லை. ஓரக்கல்லுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. வீடு வரும்வரை அவள் பேசவில்லை. சக்கரம் அப்படி லாக் ஆகாமல் பார்த்துக்கொள்வதுதான் ஏபிஎஸ்ஸின் வேலை.

மறுநாள் துறையூரில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் பழைய மாணவனிடம் போனேன். முன் இடது சக்கர சென்சாரில் சிக்னல் இல்லை என்றது ஸ்கேனர். அதோடு அவன் விடவில்லை. வண்டியைத் தூக்கி, சென்சார் ஒயரில் மல்டிமீட்டரை வைத்துச் சக்கரத்தைக் கையால் சுற்றினான். வலப்பக்கம் மின்னழுத்தம் காட்டியது; இடப்பக்கம் ஒன்றுமில்லை. சக்கரம் திரும்பும்போது மடங்கும் இடத்தில் ஒயர் உள்ளே அறுந்திருந்தது.

"காந்தம், கம்பிச்சுருள், பல்சக்கரம். நீங்க நடத்தின ஃபாரடே பாடம்தான் சார்" என்றான். 1831-இல் ஃபாரடே கண்டதை வருடாவருடம் கரும்பலகையில் வரைந்தவன் நான். என் சக்கரத்துக்குள்ளேயே அது இருப்பது தெரியவில்லை.

சென்சார் மட்டும் மாற்றினோம். விளக்கு அணைந்தது.

உங்கள் வண்டியில் எரிந்தால் பல்பைக் கழற்றாதீர்கள். சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் ஓட்டவே வேண்டாம்.