இரண்டையும் எடுக்கத்தான் வேண்டுமா?

திங்கள், கோவை சரவணம்பட்டி

பயாப்சி முடிவில் மார்பகப் புற்றுநோய் என்று வந்தால், சத்தி ரோட்டோர வீடுகளில் சொந்தபந்தம் கூடிவிடும். "எதுக்குங்கக்கா ரோசனை? ரெண்டையும் எடுத்துப்போடச் சொல்லிருங்க" என்பார்கள். பாசத்தில் வருகிற பேச்சுதான். ஆனால் அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன: நோயுள்ள மார்பை என்ன செய்வது, நோயில்லாத மார்பை என்ன செய்வது, எடுத்த இடத்தில் மறுபடி மார்பை உருவாக்கிக்கொள்வதா? மூன்றையும் தனித்தனியாகத்தான் முடிவு செய்ய வேண்டும்.

செவ்வாய்

முதல் கேள்வி, நோயுள்ள மார்பு. அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர் குழு 1976 முதல் 1,851 பெண்களைத் தொடர்ந்து கவனித்தது. 4 செ.மீ. வரையான கட்டிகள். 20 ஆண்டு முடிவு 2002இல் வெளியானது: மார்பை முழுதாக எடுத்தவர்களும், கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு பெற்றவர்களும் ஒரே அளவில்தான் உயிர்வாழ்ந்தார்கள். கட்டி பெரிதாக இருந்தாலோ, மார்பில் பல இடங்களில் இருந்தாலோ முழுதாக எடுக்க வேண்டிவரலாம்.

புதன்

அடுத்தது நோயில்லாத மார்பு. 'நான் ஈ' படத்தில் நடித்த ஹம்சா நந்தினி 2021 டிசம்பரில் தனக்கு மார்பகப் புற்றுநோய் வந்திருப்பதை வெளியே சொன்னார். அவருடைய அம்மாவும் இதே நோயில் இறந்தவர். பரிசோதனையில் பிஆர்சிஏ1 மரபணு மாற்றம் தெரிந்தது. மீண்டும் மார்பகப் புற்றுநோய் வர 70 சதவீதமும், சினைப்பைப் புற்றுநோய் வர 45 சதவீதமும் வாய்ப்பு உண்டு என்று எழுதினார். இப்படிப்பட்டவர்கள் மறுபக்க அறுவையைப் பற்றி யோசிப்பதில் முழு நியாயம் இருக்கிறது. ஏஞ்சலினா ஜோலி 2013இல் நோய் வருமுன்னே இரண்டையும் எடுத்துக்கொண்டதும் இதே மரபணு மாற்றத்தால்தான்.

எல்லோருக்கும் அந்த நிலை இல்லை. டொரண்டோ ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட ஆய்வில், மறுபக்கத்தை எடுக்காதவர்களில் 20 ஆண்டுகளில் அங்கும் நோய் வந்தவர்கள் சுமார் 7 சதவீதமே. இரண்டையும் எடுத்தவர்களுக்கு மறுபக்க நோய் வெகுவாகக் குறைந்தது, ஆயுள் கூடவில்லை.

வியாழன்

மூன்றாவது, மறு உருவாக்கம். இந்தி எழுத்தாளர், இயக்குநர் தாஹிரா காஷ்யப் 2018இல் வலது மார்பை எடுத்துக்கொண்டு, முதுகுத் தசையால் புதிய மார்பை அமைத்துக்கொண்டார். 2025இல் நோய் திரும்பியதையும் மறைக்காமல் சொன்னார்.

சிலிக்கோன் இம்ப்ளான்ட் சீக்கிரம் முடிகிற அறுவை. ஆனால் ஆயுளுக்கும் நிலைக்கும் என்ற உறுதி கிடையாது. கதிர்வீச்சு சேர்ந்தால் சுற்றியுள்ள திசு இறுகவும் கூடும். அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் மாற்றி வைப்பது நீண்ட நேர அறுவை. மைக்ராஸ்கோப் வைத்து மெல்லிய ரத்தக்குழாய்களை இணைக்க வேண்டும். விபத்தில் துண்டான கையை ஒட்டவைப்பதும் இதே முறையில்தான். அதற்குப் பெயர்போன கங்கா மருத்துவமனை இருப்பது கோவையிலேயே.

எந்த முறையிலும் பழைய தொடு உணர்வு பெரும்பாலும் முழுதாகத் திரும்பாது. இதை அறுவைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். எதுவும் வேண்டாம், பிராவுக்குள் பேடு போதும் என்கிறவரின் முடிவும் அதே மரியாதைக்குரியது.

வெள்ளி

டாக்டரிடம் கேட்க வேண்டியவை: மரபணுப் பரிசோதனை முடிவு அறுவைக்கு முன் கிடைக்குமா? எனக்குக் கதிர்வீச்சு உண்டா? மறு உருவாக்கத்தை இப்போதே செய்வதா, சிகிச்சை முடிந்த பிறகா? மொத்தம் எத்தனை அறுவை, என்ன செலவு? காப்பீடு எதுவரை? நோயில்லாத மார்பின் அறுவையைச் சிகிச்சை எல்லாம் முடிந்த பிறகும் செய்துகொள்ளலாம். அதற்கு இந்த வாரமே கையெழுத்துப் போட வேண்டியதில்லை.