கொலுவில் இருந்த கல்

நம் வீட்டுக் கொலுவில், கைலாச மலையின் உச்சியில், ஒரு வெள்ளைக் கல் நெடுங்காலம் வீற்றிருந்தது. நீளம் 8 சென்டிமீட்டர். நடுவே ஈர்க்குச்சி நுழையும் துவாரம். ஐம்பது வருஷங்களுக்கு முன்பு, சிறு பிராயத்தில், பொர்ராக் குகையில் யாரும் பாராத சமயம் நாம் ஒடித்துக்கொண்டு வந்தது. அம்மா முதலில் கோபித்துக்கொண்டாள், பிறகு, "லிங்கம் மாதிரி இருக்கிறதே!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு கொலுவில் வைத்துவிட்டாள்.

விசாகப்பட்டினத்திலிருந்து அரக்குப் பள்ளத்தாக்குக்குப் போகும் ரயில், சுரங்கம் சுரங்கமாக நுழைந்து ஏறுகிற அனந்தகிரி மலைகளில் இருக்கிறது அந்தக் குகை. கூரையிலிருந்து ஆலம் விழுதுபோல் கல் தொங்கும். தரையிலிருந்து கல் முளைத்தெழும். சில இடங்களில் இரண்டும் கூடித் தூணாகும். கூரைத் துவாரத்தில் ஒரு பசு விழுந்ததென்றும், அதைத் தேடி வந்த இடையன் உள்ளே லிங்கத்தைக் கண்டானென்றும் அவ்வூரார் சொல்லுவர். அங்குள்ள ஆற்றுக்குக் கோஸ்தனி, அதாவது பசுவின் மடி, என்று பெயர். சொட்டுச் சொட்டாகக் கல் சுரக்கும் இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் ஏது?

மழை ஜலம் மண்ணில் இறங்கும்போது, வேர்களும் மக்கும் இலைகளும் விடுகிற கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு இலேசாகப் புளிப்பேறுகிறது. சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளில் கசிந்து, பாறையையும் சிறிது கரைத்துச் சுமந்து வருகிறது. குகைக் கூரையில் துளியாகத் தொங்கும்போது வாயு பிரிந்துபோய்விடும். வாயு போனபின் சுண்ணாம்பு ஜலத்தில் தங்காது. துளியின் விளிம்பில் மெல்லிய வளையமாகப் படிந்துவிடும். வெந்நீர்த் தவலையின் உட்புறத்தில், எவ்வளவு தேய்த்தாலும் போகாமல் வெள்ளையாய்ப் பிடிக்கிறதே, அதே சரக்குதான். தவலையில் நெருப்பு வாயுவை விரட்டுகிறது; குகையில் நெருப்புமில்லை, அவசரமுமில்லை. வளையத்தோடு வளையம் சேர்ந்து குழாயாகிறது. குழாய் அடைபட்டால் ஜலம் வெளியே வழிந்து விழுதைப் பருக்கச் செய்கிறது. கீழே விழும் துளி மிச்சச் சுண்ணாம்பைத் தரையில் சேர்த்து முளையை வளர்க்கிறது.

இவ்வளவும் எந்த வேகத்தில்? மழைக்கும் இடத்துக்கும் தக்கபடி மாறும். பொதுவாகச் சொல்லும் சராசரி, வருஷத்துக்கு 0.13 மில்லிமீட்டர். இதை வாசித்த அன்றிரவே கணக்குப் போட்டுப் பார்த்தோம். நம் கொலுக் கல்லுக்கு 600 வயதுக்கு மேல்! பக்கத்துச் சிம்மாசலத்துக்குக் கிருஷ்ணதேவராயர் வந்து வணங்கியபோது அது ஏறக்குறையக் கால்வாசி வளர்ந்திருக்கும். அமராவதிச் சிற்பங்கள் லண்டனுக்குப் போனதைக் குறித்து ஆவேசமாக மேடையில் பேசியவர்கள் நாம். அப்போதெல்லாம் கொலுப் பெட்டிக்குள் இருந்த இந்தக் கல் ஞாபகத்துக்கு வரவேயில்லை.

சென்ற தை மாதம் கல்லை எடுத்துக்கொண்டு மருமானுடன் மறுபடியும் போனோம். விழுதுகளைத் தொட்டவர்களைக் காவலாளி அதட்டிக்கொண்டிருந்தார். நியாயந்தான், கையின் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிய இடத்தில் சுண்ணாம்பு சரியாகப் படிவதில்லை.

"இதை மறுபடி ஒட்டவைத்தால் வளருமா, மாமா?" என்றான் பையன்.

"ஒட்டாதப்பா. ஆனால் ஒடிந்த இடத்தில் ஜலம் இன்னும் சொட்டினால், அங்கே புதிதாக வளரும்."

"இந்த ஐம்பது வருஷத்தில் எவ்வளவு வளர்ந்திருக்கும்?"

"ஓர் அரிசி நீளம்."

அவன் கழுத்தை அண்ணாந்து, கூரையில் அரிசி நீள விழுதைத் தேடத் தொடங்கினான். நாமும் தேடினோம். கடைசி ரயிலுக்கு நேரமாகும்வரை அகப்படவில்லை.