சேர்க்கைப் பதிவேட்டில் நான் எழுதிய பெயர்



அமெரிக்காவில் மகள் வீட்டில் ஐந்து மாதம் இருந்துவிட்டு சென்ற மாதம்தான் ஊர் திரும்பினேன். மகள் நலம், பேத்தியும் நலம். போனில் விசாரிக்கிறவர்கள் முதலில் பேத்தியைக் கேட்கிறார்கள். அடுத்த கேள்வி, "விசா எப்படி டீச்சர் கிடைச்சுது, என்னென்ன கேட்டாங்க?" என்பதுதான். ஒவ்வொருவருக்கும் சொல்லி முடியவில்லை. மொத்தமாக இங்கேயே எழுதிவிடுகிறேன். இதில் நான் ஒப்புக்கொள்ள வேண்டிய தவறு ஒன்றும் இருக்கிறது. அதனால் பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

விசாவுக்கு முதல் வேலை, டி.எஸ்.160 என்கிற விண்ணப்பம். கம்ப்யூட்டரில்தான் நிரப்ப வேண்டும். மருமகன் அங்கிருந்து ஒவ்வொரு கேள்வியாகக் கேட்க, நான் இங்கிருந்து பதில் சொன்னேன். இரண்டு இரவு ஆனது. ஐந்து வருடமாக எந்தெந்த சமூக வலைத்தளத்தில் இருக்கிறேன் என்று கேட்டிருந்தார்கள். ஃபேஸ்புக்கைச் சொன்னேன். நான் போட்ட கோலப் படங்களை எல்லாம் யாரோ ஒரு அதிகாரி உட்கார்ந்து பார்ப்பாரோ என்று சிரித்துக்கொண்டோம். பயங்கரவாத அமைப்பில் இருக்கிறீர்களா என்ற கேள்வியும் உண்டு. மருமகன் தயங்கித் தயங்கித்தான் கேட்டார்.

அப்பா அம்மா பிறந்த தேதி கேட்டார்கள். அம்மாவுக்கே தெரியாத தேதி அது. நல்லவேளை, "தெரியாது" என்று குறிக்க ஒரு கட்டம் இருந்தது. என் தேதியை மட்டும் டக்கென்று சொன்னேன்: ஜூன் 5. ஆனால் நான் பிறந்தது கார்த்திகை மாதம். பள்ளியில் சேர்க்கும்போது எங்கள் வாத்தியார் போட்ட தேதிதான் ஜூன் 5. என் வயதுக்காரர்கள் பாதிப் பேருக்கு மே, ஜூனில்தான் பிறந்தநாள் வரும். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் வயது ஐந்து ஆகிவிட்டது என்று சேர்த்துக்கொண்ட காலம்.

அடுத்து பெயர். என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலி. நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரின் முதல் எழுத்து இனிஷியல், கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயரின் முதல் எழுத்து. அமெரிக்க விசாவில் அந்த இடம் காலியாக இருக்கக் கூடாதாம். அதனால் என் பெயரைக் குடும்பப் பெயர் இடத்துக்குத் தள்ளிவிட்டு, சொந்தப் பெயர் இடத்தில் எஃப்.என்.யூ. என்று மூன்று எழுத்து போடுகிறார்கள். முதல் பெயர் தெரியாது என்று அர்த்தம். 33 வருடம் தினமும் காலையில் எல்லார் பெயரையும் கூப்பிட்டு வருகை எடுத்தவள் நான். கடைசியில் பெயர் தெரியாதவளாகிவிட்டேன்.

நேர்காணல் சென்னையில். ஒரு நாள் தனி மையத்தில் கைரேகையும் போட்டோவும் எடுத்தார்கள். மறுநாள் அண்ணா மேம்பாலத்துக்கு அருகில் இருக்கும் துணைத் தூதரகம். உள்ளே செல்போன் கொண்டுபோக முடியாது, வெளியிலேயே யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போக வேண்டும். தமிழில் பேசலாம் என்றார்கள். பதற்றத்தில் ஆங்கிலம் காலை வாரிவிடும் என்று தமிழையே கேட்டேன். பென்ஷன் ஆர்டர், வீட்டுப் பத்திரம், பேங்க் பாஸ்புக் எல்லாம் அடுக்கி ஒரு ஃபைல் வைத்திருந்தேன். அதைத் திறக்கவே இல்லை. எதற்குப் போகிறீர்கள், எத்தனை மாதம், மகளும் மருமகனும் என்ன வேலை, நீங்கள் என்ன வேலை பார்த்தீர்கள், இதற்குமுன் வெளிநாடு போனதுண்டா? மகளுக்குப் பிரசவம், உதவிக்குப் போகிறேன் என்று உள்ளதைச் சொன்னேன். மூன்று நிமிடம்கூட இருக்காது. "விசா கிடைத்துவிட்டது" என்றார்.

பாஸ்போர்ட் வந்ததும் அந்த எஃப்.என்.யூ. வேடிக்கையை நம் பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். உங்களில் பலர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தீர்கள். ஒருவன் மட்டும் எதுவும் போடவில்லை. ஷார்ஜாவில் ஏ.சி. மெக்கானிக்காக இருக்கிறவன். பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை. இதை எழுதச் சம்மதித்ததே பெரிது. இரண்டு வாரம் கழித்து லீவில் வந்தவன், மனைவியையும் பையனையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்தான்.

காப்பி குடித்துக்கொண்டே சொன்னான்: "டீச்சர், உங்களுக்குப் பேர் தெரியாதுன்னு போட்டாங்க. எனக்கு அப்பா பேரே வேற ஆயிடுச்சு. அதனால இவளைக் கூட்டிட்டுப் போக ஒரு வருஷம் எட்டு மாசம் ஆச்சு. பையன் முகத்தைப் பதினோராம் மாசத்துலதான் பார்த்தேன்."

நடந்தது இதுதான். அவன் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தில் அப்பா பெயர் "ராசு" என்று இருந்தது. பள்ளிச் சான்றிதழில் இருப்பதுதான் பாஸ்போர்ட்டுக்குப் போனது. ஆனால் ராசு என்பது ஊரார் கூப்பிடும் பெயர். ரேஷன் கார்டிலும் இவனுடைய பிறப்புச் சான்றிதழிலும் அப்பாவுக்கு இருந்தது குலசாமி பெயர். கல்யாணத்தைப் பதிவு செய்தபோது அந்தப் பெயரையே எழுதிவிட்டார்கள். திருமணச் சான்றிதழுக்கு மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், தூதரகம் என்று மூன்று இடத்தில் முத்திரை வாங்கி அனுப்பினான். அங்கே குடும்ப விசாவுக்குக் கொடுத்தபோது, "கல்யாணம் செய்தவர் வேறு ஆள் மாதிரி இருக்கிறதே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பிறகு கெஜட்டில் பெயர் மாற்றம் போட்டு, பாஸ்போர்ட்டை மாற்றி, அங்கே தன் விசாவிலும் அடையாள அட்டையிலும் மாற்றி, எல்லாம் முடிவதற்குள் மனைவி இங்கே பிள்ளை பெற்றுவிட்டாள்.

"யார் எழுதினது அந்த ராசு?" என்று கேட்டேன். அவன் பதில் சொல்லாமல் டம்ளரைக் கீழே வைத்தான். அவன் மனைவிதான் தலையைக் குனிந்துகொண்டு, "நீங்கதான் அத்தைகிட்ட கேட்டு எழுதினீங்களாம் டீச்சர்" என்றாள்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் பள்ளிக்குப் போனேன். இப்போதைய ஹெச்.எம். நல்ல பிள்ளை. பீரோவிலிருந்து 1990ஆம் வருட சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துக் கொடுத்தார். ஓரமெல்லாம் செல் அரித்திருந்தது. நீல மையில் என் கையெழுத்து. தந்தை பெயர்: ராசு.

பார்த்ததும் அந்தக் காட்சி நினைவுக்கு வந்துவிட்டது. ஜூன் மாதம், வேப்பமரத்தடியில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். மேசையைச் சுற்றிக் கூட்டம். அவன் அம்மா இடுப்பில் கைக்குழந்தையோடு வந்தாள். "உன் வீட்டுக்காரர் பேர் என்னம்மா?" என்று கேட்டேன். அவள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்ற காலம் அல்லவா! பின்னால் நின்ற யாரோ, "ராசு மவன் டீச்சர்" என்றார்கள். எழுதிவிட்டேன். "ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு நாளைக்கு வா" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அடுத்த நாள் வருவாளோ மாட்டாளோ, பிள்ளையைச் சேர்க்காமல் விட்டுவிடுவாளோ என்ற பயம். அது பாதி உண்மை. மதியத்துக்குள் சேர்க்கையை முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் மீதிப் பாதி.

அந்த இரண்டு எழுத்து, பதிவேட்டிலிருந்து டி.சி.க்குப் போய், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழுக்குப் போய், பாஸ்போர்ட்டுக்குப் போய், கடைசியில் ஒரு கவுண்டரில் அவனை நிறுத்திவிட்டது. அந்த அதிகாரியைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? அவர் முன்னால் இருப்பது காகிதம். ராசுவும் குலசாமி பெயர்க்காரரும் ஒரே ஆள் என்பது நம் ஊருக்குத்தான் தெரியும்.

மே மாதம் கிளம்பினேன். சென்னையிலிருந்து அபுதாபி, அங்கிருந்து சிகாகோ. அபுதாபி விமான நிலையத்திலேயே அமெரிக்க அதிகாரிகள் இருந்து குடிநுழைவுச் சோதனையை முடித்துவிடுகிறார்கள். சிகாகோவில் இறங்கினால் உள்ளூர் விமானத்தில் வந்தவர் மாதிரி பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போகலாம். ஷார்ஜா அங்கிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குள்தான். ஆனால் நான் வெளியே போக வேண்டுமானால் அமீரக விசா வேண்டும். அங்கே வாட்ஸ்அப்பில் பேசவும் முடியாது. லீவு முடிந்து திரும்பியிருந்தவன் குரல் பதிவு அனுப்பினான்: "டீச்சர், பதறாம பதில் சொல்லுங்க. கேட்டதுக்கு மட்டும் சொல்லுங்க." நான் சொல்லிக்கொடுத்த பிள்ளை எனக்குச் சொல்லிக்கொடுக்கிறான்.

அதிகாரி இளைஞர். கைரேகை வைக்கச் சொன்னார், போட்டோ எடுத்தார். விசாவைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கி, உங்களை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். என் வாயில் வந்தது "டீச்சர்." அவர் சிரித்துவிட்டார். எத்தனை நாள், யார் வீடு, சாப்பாட்டுப் பொருள் என்ன இருக்கிறது என்று கேட்டார். பருப்புப்பொடி, இட்லிப்பொடி, பிரசவ லேகியம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். பச்சைக் கறிவேப்பிலை கொண்டுபோகக் கூடாது என்று மகள் முன்பே எச்சரித்திருந்தாள், வைக்கவில்லை. ஆறு மாதம் இருக்கலாம் என்று அனுப்பினார்.

இனி உங்களுக்குச் சில வார்த்தைகள்.

விசா பத்து வருடத்துக்கு என்று போட்டிருந்தால் பத்து வருடம் தங்கலாம் என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு முறையும் எத்தனை நாள் இருக்கலாம் என்பதை நுழைகிற இடத்தில் உள்ள அதிகாரிதான் முடிவு செய்கிறார். அந்தக் கடைசித் தேதி ஐ-94 என்ற பதிவில் இருக்கும். இணையத்தில் பார்த்துக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இனிஷியலை எழுத்தாகப் போடாமல் விரித்து எழுத வேண்டும். குடும்பப் பெயர் இடத்தைக் காலியாக விடாதீர்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் சுற்றுலா விசாவிலும் வருகை விசாவிலும் அனுமதி இல்லை என்று அறிவித்தது. அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இரண்டாம் பக்கத்தில் இருந்தால் ஏற்றுக்கொள்வோம் என்று பிறகு விளக்கம் வந்தது. காலியாக விட்ட ஓர் இடம் எவ்வளவு பாடு படுத்தும் பாருங்கள்.

பிறப்புச் சான்றிதழ், டி.சி., பத்தாம் வகுப்புச் சான்றிதழ், ஆதார், திருமணச் சான்றிதழ், பாஸ்போர்ட் எல்லாவற்றையும் ஒரு நாள் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், பிறந்த தேதி. ‘ழ’ வருகிற பெயர்க்காரர்கள் இன்னும் கவனமாகப் பாருங்கள், ஒன்றில் ‘இசட்’ இருக்கும், ஒன்றில் ‘எல்’ இருக்கும். தவறு இருந்தால் வீட்டில் உட்கார்ந்து திருத்துவது சுலபம். டிக்கெட் போட்ட பிறகு திருத்துவது பெரும்பாடு. உங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும்போது பிறப்புச் சான்றிதழைப் பார்த்தே எழுதச் சொல்லுங்கள். எழுதியதை அங்கேயே நின்று ஒருமுறை படித்துப் பாருங்கள். டீச்சர் தவறாக எழுதமாட்டார் என்று நம்பாதீர்கள். நான் எழுதியிருக்கிறேன்.

அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க டீச்சர்" என்று எழுந்துவிட்டான். அவன் மனைவி எதுவும் சொல்லவில்லை. சொல்லாததும் நியாயம்தான். அந்த ஒரு வருடம் எட்டு மாதத்தைத் தனியாகக் கடந்தவள் அவள்.

நம் பள்ளியில் என் கையெழுத்தில் இன்னும் எத்தனையோ பக்கங்கள் இருக்கின்றன. உங்கள் சான்றிதழில் அப்படி ஏதாவது இருந்தால் தயங்காமல் எனக்குப் போன் செய்யுங்கள். பதிவேட்டின் நகல் வாங்க ஹெச்.எம்.மிடம் நானே வருகிறேன். எந்த அலுவலகத்தில் நின்று விளக்க வேண்டுமானாலும் கூட வருகிறேன். முழங்கால் வலி இருக்கிறது, ஆனால் பஸ் ஏறிவிடுவேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்