ஃபிப்ஸ் பிரிட்ஜ் பெட்டை

விம்பிள்டனில் இருந்து குரொய்டன் போகிற ட்ராமில் ஏறினால் இடையில் ஃபிப்ஸ் பிரிட்ஜ் என்று ஒரு தரிப்பு வரும். பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை, கவுன்சில் வீடுகள்தான். அதைத் தாண்டும் போதெல்லாம் எனக்கு ஒரு பிள்ளையின் நினைவு வரும். நேரில் கண்டது கிடையாது. ரிவியில் நீங்களும் கண்டிருப்பீர்கள்.

மாதங்கி மாயா அருள்பிரகாசம். உலகத்துக்கு எம்.ஐ.ஏ. 1975 இல் லண்டனில் பிறந்து, ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் போய், 1986 இல் தாயோடும் சகோதரங்களோடும் அகதியாகத் திரும்பி வந்து இந்தக் குடியிருப்பில் வளர்ந்தவர். தகப்பன் அருளர், ஈரோஸ் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். வீட்டில் இல்லாத அப்பா. எங்கட சனத்துக்கு இது புதுக்கதை இல்லை.

சென்ட்ரல் செயின்ற் மார்ட்டின்ஸ் கல்லூரியில் படித்துவிட்டு, இலாஸ்ரிகா என்ற இசைக்குழுவுக்கு 2000 ஆம் ஆண்டு இசைத்தட்டு அட்டை செய்து கொடுத்தார். அவர்களோடு படம் பிடிக்கப் போன இடத்தில்தான் ஒரு தாள மெசினைத் தட்டப் பழகினார். 2005 இல் முதல் அல்பம். பெயர் 'அருளர்'. அந்த வருடமே மெர்க்குரி பரிசுக்கான பட்டியலில் வந்தது. 2007 இல் அடுத்தது. பெயர் 'கலா', அம்மாவின் பெயர். சென்னையில் பதிந்த உறுமி மேளம் அதில் அதிர்கிறது.

இனி என்ர கதைக்கு வாறன்.

2008 இல் நான் ஒரு பெற்றோல் ஸ்ரேசனில் இரவு வேலை. 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டு அப்போது எல்லாக் கார்களிலும் போய்க்கொண்டிருந்தது. அமெரிக்காவில் நாலாம் இடம் வரைக்கும் போன பாட்டு. என்னோடு வேலை செய்த கானா நாட்டுக்காரர், "உங்கட நாட்டுப் பிள்ளையாமே" என்று சந்தோசமாகக் கேட்டார். எனக்கோ கோபம். பாட்டுக்கு நடுவே வெடிச்சத்தம், பிறகு ரில் திறக்கிற சத்தம். வெடிச்சத்தம் கேட்டுப் பங்கருக்குள் ஓடினவன் நான். இதை வைத்து ஆடவும் ஒரு ஆளா என்று பொரிந்து தள்ளினேன்.

அந்த மனிசன் சிரித்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, அது அந்தப் பிள்ளையைப் பற்றின பாட்டு இல்லை. எங்களைப் பார்த்து இந்த நாட்டுக்காரர் மனதுக்குள் நினைக்கிறதைத்தான் பாடுது. வந்தவன் எல்லாம் வெடி வைப்பான், காசைப் பறிப்பான் எண்டு."

எனக்கு நெஞ்சில் தைத்தது. 2005 யூலைக் குண்டுவெடிப்புக்குப் பிறகு, முதுகில் பையோடு ரியூப்பில் ஏறினால் பக்கத்து ஆள் எழும்பிப் போன காலம் நினைவுக்கு வந்தது. மாயாவுக்கே 2006 இல் அமெரிக்க விசா இழுபட்டதாம். நான் ரில்லைத் திறந்து மூடுகிற ஒவ்வொரு முறையும் பிறகு அந்தப் பாட்டுத்தான் கேட்டது.

2009 பெப்ரவரியில் நிறைமாத வயிற்றோடு கிராமி மேடையில் பாடினார். மூன்றாம் நாள் மகன் பிறந்தான். எங்கட வீடுகளில் என்ன கதைத்தவை? "பிள்ளைத்தாய்ச்சி போடுற உடுப்பா இது?" அதுதான் கதை. அதே கிழமைகளில் வன்னியில் சனம் செத்துக்கொண்டிருந்தது. அதை அமெரிக்கத் தொலைக்காட்சியில் வாய் திறந்து சொன்ன பிரபலம் அந்தப் பிள்ளை ஒன்றுதான் என் கண்ணில் பட்டது. சித்திரை மாதம் பாராளுமன்றச் சதுக்கத்தில் குளிருக்குள் நின்றபோது, உடுப்பைப் பற்றிக் கதைத்தவர்களில் நானும் ஒருவன் என்று வெட்கப்பட்டேன்.

2019 இல் அரசியின் எம்பிஈ விருது அறிவிக்கப்பட்டது. "அரசாங்கத்தின் பதக்கம் ஏன்?" என்று எங்களில் சிலர் கேட்டார்கள். மாயா சொன்ன காரணம் வேறு. தாய் கலா 33 வருடமாக அந்தப் பதக்கங்களைக் கையால் தைத்து வந்தவராம். அதை வாசித்தபோது, வந்த புதிதில் என் மனுசி அறைக்குள் இருந்து துண்டுக்கணக்கில் உடுப்புத் தைத்த இரவுகள் முன்னால் வந்து நின்றன. அவ தைத்தவற்றில் ஒன்றுகூட எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

மாயா பிற்காலத்தில் சொன்ன எல்லாவற்றோடும் எனக்கு உடன்பாடு இல்லை. தடுப்பூசி பற்றிச் சொன்னதோடு கட்டாயம் இல்லை. அதைச் சொல்லத் தயங்கவும் மாட்டேன். ஆனால் வென்றால் 'எங்கட பிள்ளை', பிழைத்தால் 'ஆரோ ஒரு பெட்டை' என்று கதைக்கிற பழக்கத்தை நான் விட்டுவிட்டேன்.

போன மாதம் மகளோடு ட்ராமில் போனேன். தரிப்பு வந்ததும் அவள் கேட்டாள்: "அப்பா, நீங்கள் அப்ப அந்தப் பாட்டைப் போடாதை எண்டு கத்தினனீங்கள் எல்லே?"

"ஓம் பிள்ளை, கத்தினனான்" என்றேன். காதில் மாட்டியிருந்ததில் ஒன்றைக் கழற்றித் தந்தாள். குரொய்டன் வரைக்கும் இரண்டு பேருமாகக் கேட்டுக்கொண்டு போனோம்.