வியாழக்கிழமைப் பத்தி

வகுப்புத் தோழியைப் பேட்டி எடுத்து ஆங்கிலத்தில் ஒரு பத்தி எழுதி வரவேண்டும். பெங்களூரு விவேக் நகரில் படிக்கும் என் அக்கா மகளுக்கு இந்த வார வீட்டுப்பாடம் இது.

தமிழும் கன்னடமும் கலந்து பேசி, பெயர், வயது, பிடித்த நிறம் என்று கேட்டு வந்திருந்தாள். எழுதியதும் ரேஷன் கார்டு மாதிரி இருந்தது. “அவ வீட்ல வியாழக்கிழமை எப்படி இருக்கும்னு கேளும்மா” என்றேன்.

தோழியின் அம்மா குழந்தை இயேசு ஆலயத்துப் பக்கம் பூ விற்கிறவர். வியாழன்தோறும் அங்கே கூட்டம் நெரியும். அந்தப் பெண் விடியலில் எழுந்து பூக்கட்டிவிட்டுத்தான் பள்ளிக்கு வருகிறாள். அதுவே முதல் வாக்கியமானது. மற்ற வாக்கியங்கள் அதைத் தொட்டே வந்தன.

பிடித்த நிறத்தை அடிக்கச் சொன்னபோதுதான் சண்டை. “அதுவும் நிஜம்தானே சித்தி?” நிஜம்தான். ஆனால் ஒரு பத்திக்கு ஒரே நோக்கம் வேண்டும் என்று ஸ்காட்லாந்துக்காரர் அலெக்சாண்டர் பெயின் 1866-லேயே இலக்கணம் வகுத்துவிட்டார்.

பள்ளிகளில் பிழை திருத்துகிறார்கள், நல்லது. பிள்ளைகள் கேட்ட கேள்விகளுக்கும் மதிப்பெண் போட வேண்டும் என்பது என் ஆசை.

எத்தனை முழம் கட்டுவாள் என்று நாளைக்குக் கேட்டு வருகிறாளாம்.