பண்டமாரானில் விடியற்காலை

கிள்ளானுக்கும் துறைமுகத்துக்கும் நடுவே பண்டமாரான். காலை ஐந்தரைக்கே பசியாறல் கடையில் இடமில்லை. கொள்கலன் லோரிக்காரர்களுக்கு மத்தியில், கழுத்தில் அடையாள அட்டையோடு என் சித்தி மகன். சைபர்ஜெயாவில், பெரிய தொழில்நுட்ப நிறுவனமொன்றில் பொறியாளர்.

1997-இல் தொடங்கப்பட்ட அந்நகரம், முன்பு செம்பனைத் தோட்டம். அந்தப் பக்கம்தான் எங்கள் தாத்தா குலை வெட்டினார். இப்போது பேரன் அங்கே குளிர்சாதன அறையில் சர்வர்களைக் காக்கிறான். நள்ளிரவில் அழைப்பு வந்தாலும் எழுந்து உட்கார வேண்டும்.

"கப்பல் வந்தா எனக்கும் தூக்கமில்லையே!" என்று சிரித்தார், லோரி ஓட்டும் சித்தப்பா.

"சைபர்ஜெயாவிலேயே வீடு பார்க்கலாமே, தம்பி? தினமும் ஜாமில் ஏன் அவதி?"

ரொட்டி சானாயைப் பிய்த்தபடி சொன்னான்: "அப்பாகூட பேச இந்த அரை மணி நேரம்தான் இருக்கு அக்கா."

சித்தப்பா அதைக் கேட்காதவர்போல எழுந்து, காசு கொடுக்கப் போனார்.